கட்டைவிரலில் தட்டாத புள்ளி

டிரக் என்றதும் லாரியை நினைத்துவிடாதீர்கள். ஸ்கேட்போர்டுக்கு அடியில் சக்கரங்களைப் பலகையோடு சேர்த்துப் பிடித்திருக்கும் உலோகத் துண்டுக்கும் அதுதான் பெயர். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் பந்தயத்தில் முன்னது வெடுக்கென்று திரும்ப வேண்டும், பின்னது அடக்கமாகத் தொடர வேண்டும். இடம் மாற்றிப் பூட்டினால் தொலைந்தது. வேகம் பிடித்ததும் பலகை உதறி ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

அக்கா லேத் பட்டறைக்காரி. தங்கைக்காக ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு இந்த ஜோடியைக் கடைந்திருந்தாள். இவள் செய்த முந்தைய ஜோடியில் அச்சு முறிந்து தங்கையின் காறை எலும்பு இரண்டாகப் போனது. வீட்டில் பம்பரம் என்று கூப்பிடும் அந்தத் தங்கை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அக்காவுக்குத்தான் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

இன்று அணியின் பயிற்சியாளர் முன்னால் சோதனை. ஒரே ஓட்டம். கூம்பு விழாமல் இறங்கினால் அக்காவின் டிரக் பந்தயத்துக்குப் போகும். இல்லையென்றால் கடையில் வாங்கியதுதான்.

சரிவின் உச்சியில், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு பம்பரம் பலகையில் ஏறினாள். கீழே நின்ற அக்கா கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டாள். எது எதுவென்று தெரிய முன் டிரக்கில் ஒரு புள்ளி, பின் டிரக்கில் இரண்டு புள்ளி குத்தியிருப்பாள். தடவிப் பார்த்துத்தான் பூட்டுவாள். காலையில் பூட்டியபோது...

ஐயோ! விரலில் எதுவும் தட்டவே இல்லையே!

நேற்று பிசிறு போக அரத்தால் ராவினாள். புள்ளிகளும் சேர்ந்து போயிருக்கின்றன. தூளைத் தட்டுவதற்காக இரண்டும் இருந்த டிரேயை முன்பின்னாகத் திருப்பி வைத்ததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. முன்னது பின்னால், பின்னது முன்னால்.

"ஏய், நில்லுடி!"

பம்பரம் அதற்குள் கிளம்பிவிட்டாள். சக்கரச் சத்தத்தில் யார் கத்தினால் கேட்கப் போகிறது? அக்கா முன்பின் யோசிக்காமல் கூம்புகளுக்கு நடுவே ஓடிப்போய்க் கையை விரித்து நின்றாள். பம்பரம் பலகையைப் பக்கவாட்டில் தேய்த்து, நான்கு கூம்புகளைச் சாய்த்து, அவள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"டிரக் மாறிப்போச்சுடி! நான்தான் மாத்தி..."

"தெரியும். நீ ஃபார்ம் எழுதப் போனப்பவே சரிபண்ணிட்டேன்."

பம்பரம் பலகையைப் புரட்டினாள். பூட்டி முடித்ததற்கு அடையாளமாக அக்கா நட்டுகளின் மேல் எப்போதும் இழுக்கும் மஞ்சள் கோடு இல்லை. பம்பரம் இழுத்த சிவப்பு நெயில் பாலிஷ் கோடு இருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஓட விட்டிருப்பியா? மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்னிருப்ப."

உண்மை அது.

பயிற்சியாளர் கடிகாரத்தோடு வந்தார். "குறுக்க ஆள் வந்ததால இன்னொரு ஓட்டம் தரேன். ஆனா ஸ்பேனர் வைக்கக் கூடாது. இப்படியே ஓட்டணும். செஞ்சவங்க நீங்க, ஓட்டலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

எட்டு நட்டையும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க அக்காவின் கை துடித்தது. போன தடவை தானே பூட்டியதே முறிந்தது. இந்தத் தடவை பூட்டியது பம்பரம். எத்தனை இறுக்கினாளோ, யார் கண்டது? அக்கா ஸ்பேனரை எடுத்தாள். எடுத்து, பயிற்சியாளர் கையில் கொடுத்தாள்.

"ஓட்டட்டும் சார்."

இரண்டாம் முறை பம்பரம் இறங்கியபோது அக்கா மூச்சே விடவில்லை. இருபதாவது கூம்பில் பின்சக்கரம் ஒரு கணம் வழுக்கியது. செத்தேன் என்று நினைத்தாள். பலகை தானாகவே நிமிர்ந்துகொண்டது. முன்னது வெடுக்கென்று திரும்ப, பின்னது சொன்ன பேச்சைக் கேட்டது. கடைசிக் கூம்பு வரை ஒன்றுகூட அசையவில்லை. பயிற்சியாளர் தாளில் எதையோ குறித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"நல்லா இருக்கு. இதையே மாட்டிக்கிட்டு வாங்க."

பம்பரம் மூச்சிரைக்க வந்து சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து, துணி ரத்தத்தில் ஒட்டியிருந்தது.

"எப்படி ஆச்சு இது?"

"நீ ஃபார்ம் எழுதப் போனப்ப ஓட்டிப் பாத்தேன், விழுந்தேன். அப்பதான மாறியிருக்குன்னே தெரிஞ்சுது. புள்ளியைத் திரும்பக் குத்திடுக்கா. ஒவ்வொரு தடவையும் நான் விழுந்து கண்டுபிடிக்க முடியாது."

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, பயிற்சியாளர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் ஓவென்று அழுதாள்.