புற்றுக்காளானும் ஒரு சேவலும்

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செல்லசாமி பதினேழு வருஷமாகப் பங்களா சமையல்காரன். அவன் அங்கே ஆக்கியதில் ஒரு வாய்கூட அவன் மனைவி பேச்சியம்மா ருசி பார்த்ததில்லை. விடியுமுன் போவான், வெள்ளைக்காரத் துரை சாப்பிட்டு முடித்த பிறகுதான் தொழிலாளர் லயத்து வீட்டுக்குத் திரும்புவான். வீட்டில் அவள் வைத்த குழம்பைப் பேசாமல் சாப்பிட்டுப் படுத்துவிடுவான்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் துரை விடுமுறைக்குச் சீமைக்குக் கப்பலேறினார். பங்களாவைப் பூட்டி, செல்லசாமியைப் புல்வெட்டும் வேலைக்கு அனுப்பினார்கள்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சியம்மா விறகுக்குப் போனாள். முதல் நாள் நல்ல இடி மழை. காட்டோரத்துப் புற்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காளான் பூத்துக் கிடந்தது. நேற்றும் அந்த வழியாகத்தான் வந்தாள். வெறும் மண்தான் இருந்தது. இத்தனையையும் பூமி எங்கே ஒளித்து வைத்திருந்தது? கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்தாள். கும்பிடத் தோன்றியது. வெகுநேரம் கழித்துத்தான் பறிக்கக் கை போனது.

மடி நிறையக் காளானோடு வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"கோழியும் காளானும் சேத்துத் தொரைக்கு ஆக்குவீங்களாமே. அத இன்னைக்கு எனக்கு ஆக்கிக் குடுங்க."

செல்லசாமி சிரித்தான். "அதுக்கு வெண்ணெ வேணும், கிரீம் வேணும் புள்ள. இங்க என்ன இருக்கு?"

"இருக்கிறத வச்சு ஆக்குங்க. நம்ம சேவல் நிக்குது. பக்கத்து வீட்டுக் காம்பராவுல ராக்காயிக்கா பால் கறக்குறாங்க."

அவன் அவளையே பார்த்தான். பிறகு எழுந்து கையைக் கழுவினான்.

ராக்காயியிடம் வாங்கி வந்த பாலை அடுப்பில் வைத்துச் சுண்டவிட்டான். ஏடு படியப்படிய ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தான். சேவல் துண்டுகளை இரும்புத் தாச்சியில் தேங்காயெண்ணெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்து எடுத்தான். அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, பிறகு காளான். காளான் தண்ணீர் விட்டது. அவள் கிளறப் போனாள்.

"தொடாத. அந்தத் தண்ணி அதுக்குள்ளயே சுண்டட்டும்."

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி முன்னால் குனிந்து நிற்கும் மனுஷனா இது? கைகள் தாமாகவே போய் வந்தன. எரியும் விறகை ஒரு விரற்கடை இழுத்தான். தீ அவன் சொன்னபடி கேட்டது. ரொட்டிக்கு வைத்திருந்த கோதுமை மாவில் ஒரு பிடியைத் தூவி வறுத்தான். சுண்டிய பாலை ஊற்றியதும் அது ஓரத்தில் திரிவதுபோல நடுங்கியது. பேச்சியம்மா "ஐயோ" என்பதற்குள் தாச்சியை அடுப்பிலிருந்து தூக்கி, இரண்டு சுழற்று சுழற்றினான். பால் அடங்கி வழுவழுவென்று கூடிவந்தது. கோழியைத் திரும்பப் போட்டு, இறைச்சி வேகும்வரை தணலில் மூடி வைத்தான். கடைசியில் ஏட்டையும் இடித்த மிளகையும் சேர்த்தான்.

மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள் பேச்சியம்மா.

தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு அவன் கதவோரமாகப் போய் நின்றான்.

"ஏன் அங்க நிக்கிறீங்க? வந்து உக்காருங்க."

அவள் ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்து வாயில் வைத்தாள். மிளகாய்க் காரமில்லை, புளிப்பில்லை. மழையில் நனைந்த மண்ணின் வாசனையும் பாலின் இனிப்பும் மெதுவாக நாக்கில் பரவின. கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இப்புடிக்கூட ஒன்னு இருக்குமாங்க ஒலகத்துல?"

செல்லசாமி கதவை விட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். பங்களாவில் அவன் ஆக்கியதை வேறொருவன் எடுத்துப்போய்ப் பரிமாறுவான். காலித் தட்டுகள் மட்டுமே அவனிடம் திரும்பி வரும்.

"இத்தன வருசமா ஆக்குறேன்," என்றான் மெல்ல. "திங்கிறவங்க மொகத்த இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அவள் இன்னொரு துண்டு ரொட்டியைத் தோய்த்து அவன் வாயருகே நீட்டினாள்.