பாங்குக்கு நிற்கும் கொக்கு

1.

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. சாய்ந்தமருதில், எங்கள் வீட்டுச் சுவருக்கு அப்பால், பகல் சோற்றுக்குப் பிறகு தொடங்கி அந்தி மஃரிபுத் தொழுகை வரை கேட்கும் சத்தம். டக். டக்டக். டக். கடலும் சோம்பிக் கிடக்கிற நேரம் அது. தகரத் தட்டில் கோழி கொத்துகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அது ஒரு பெண்பிள்ளையின் கட்டைவிரல் என்று தெரிந்ததும் கொப்பியைத் திறந்தேன்.

முதல் தொடக்கம்: "றினோஸா ஒரு வீராங்கனை." வெட்டிவிட்டேன்.

இரண்டாவது: "கடலோர ஊரொன்றில், கத்தாருக்குப் போன காக்கா விட்டுச்சென்ற விளையாட்டுப் பெட்டியின் முன்னால், தனிமையின் நிழலில்…" இது முடிவதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

றினோஸாவுக்கு அடிக்கத் தெரியாது.

2.

உண்மையிலேயே தெரியாது. விளையாட்டுப் பெட்டியின் திரையில், வானத்தில் ஒரு மேடை மிதக்கும். அதில் இரண்டு உருவங்கள். ஒன்று மற்றதை அடித்து மேடைக்கு வெளியே தள்ளவேண்டும். அடி வாங்க வாங்க உடம்பு இலேசாகிக்கொண்டே வரும். கடைசியில் ஒரு தட்டில் இலவம் பஞ்சாகப் பறந்துவிடும்.*

றினோஸா எடுத்த உருவம் வெள்ளைக் கொக்கு. மூத்தவன், காக்கா றினாஸின் பெயரிலேயே, வாய் திறக்காமல், நெட்டில் விளையாடினாள். எதிரே தினமும் வந்தவன் நிந்தவூர் அஸ்கி, காக்காவின் கூட்டாளி. அவனுடையது இரும்புக் கொம்பு வைத்த காண்டாமிருகம். கத்தாரிலிருந்து றினாஸ் விளையாடுகிறான் என்று நினைத்து அவன் எழுதி அனுப்புவதற்கெல்லாம், அவள் "ஓம்" என்று மட்டும் பதில் போடுவாள்.

முதல் மாதம் அவள் செய்தது ஷீல்டை அழுத்திப் பிடித்திருந்தது மட்டுந்தான். ஷீல்ட் என்பது உருவத்தைச் சுற்றி வரும் நீலக் குமிழி. பிடித்துக்கொண்டே இருந்தால் சிறுத்துக்கொண்டே வந்து, ஒருகட்டத்தில் உடையும். உடைந்தால் கொக்கு தலை சுற்றி அப்படியே நிற்கும்.

(பத்தாம் வகுப்பில், எழுந்து பாடம் வாசிக்கச் சொன்ன அன்று அவளுக்கு நடந்ததும் இதுதான். அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த நாளும். விரிவாக எழுதலாம். எழுதப்போவதில்லை.)

பிறகு பழகினாள். ஷீல்டை ஒரு கண்சிமிட்டு நேரம் பிடித்து விட்டுவிடுவது. அடி வரும் இடத்திலிருந்து ஒரு சாண் விலகுவது. அது காற்றில் வீணாகப் போனதும் திரும்பவும் அதே இடத்துக்கு வருவது. மேடையின் விளிம்பைப் பற்றித் தொங்குவது. தொங்கிய முதல் கணத்தில் எந்த அடியும் படாது. அந்த ஒரு கணம் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. தேங்காய்ப்பால் பிழியும்போதுகூட அவள் கால்கள் ஒரு சாண் முன்னும் பின்னும் போய்வந்தன. உம்மாவின் ஏச்சு பக்கத்தால் போனது. வளவு மணல் மேகம்போல மிதந்தது.

ஒரேயொரு இடத்தில் மட்டும் கொக்கு விலகாது. பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் அவள் கை தானாக கொன்ட்ரோலரை விட்டுப்போய் முக்காட்டைத் தலைக்கு இழுத்துவிடும். இரண்டு செக்கன். அந்நேரம் அடி விழுவதில்லை. நெட் சிக்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

* பறக்கும்போதும் ஒன்று செய்யலாம். கொன்ட்ரோலரின் குச்சியைச் சற்றுச் சரித்தால் பறக்கும் திசை மாறும், சிலவேளை தப்பலாம். இதைக் கதைக்குள் வைத்தால் புத்திமதியாகிவிடும். அதனால் இங்கே.

3.

ஒரு பொய்யைத் திருத்தவேண்டும். எங்கள் சுவருக்கு அப்பால் வீடே இல்லை. இரண்டு தென்னையும் ஓர் உடைந்த தோணியும் கிடக்கிற வெறும் வளவு அது. சத்தம் சுவருக்கு இப்பால்.

ஒரு சாண் விலகி நின்றேன், அவ்வளவுதான். இனியும் "அவள்" என்றே எழுதுகிறேன்.

4.

பெருநாளைக்கு றினாஸ் வந்தான். மூன்றாம் நாள் பின்னேரம் அஸ்கியும் வந்தான்.

"என்ன மச்சான், ஆளுக்கு முன்னால வயிறு வருது!"

"வாசல்லயே தொடங்கிட்டியா? இரி."

"சோடிப் போட்டிக்கி நாளைக்குப் பேர் குடுக்கோணும். நீயும் நானும்."

"நான் எப்படா வாறெண்ட?"

"ஓமெண்டு எழுதினாயே!"

கதவுச் சீலைக்குப் பின்னால், தேநீர்த் தட்டோடு, றினோஸாவின் குமிழி சிறுத்தது.

இருவரும் விளையாடினார்கள். றினாஸின் கொக்கு மூன்று தரம் தொபீரென்று விழுந்தது.

"பகிடி உடாத மச்சான்."

"பகிடி இல்லடா. ரெண்டு வருசமா இதத் தொடவுமில்ல."

அப்போது பாங்கு தொடங்கியது. றினாஸ் ஓங்கி ஒன்று அடித்தான். காண்டாமிருகம் வாங்கிக்கொண்டது. அஸ்கி கையை எடுத்திருந்தான்.

"நீ நிக்கல்லியே," என்றான்.

"என்ன?"

"உன்ட கொக்கு பாங்குக்கு நிக்கும். ரெண்டு செக்கன். அந்நேரம் நான் அடிக்கிறல்ல."

"கொக்கு தொழவும் போகுதோ?"

"சிரிக்காத. இஞ்சத்தப் பாங்குக்குத்தான் நிக்கும். கத்தார்ல அந்நேரம் அசருக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு?"

அடுப்படியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தார். "பாங்கு செல்லக்குள்ள என்னடா சத்தம்?" என்று கேட்டபடியே ஈரக் கையால் முக்காட்டைத் தலைக்கு இழுத்தார்.

றினாஸ் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு கதவுச் சீலையைப் பார்த்தான். பின்கதவு வெளிச்சத்தில் சீலையில் ஒரு நிழல் விழுந்திருந்தது. ஒரு கையில் தட்டு. மற்றக் கை தலையில்.

அஸ்கியும் கண்டான். சட்டென்று முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டான். காது சிவந்துவிட்டது.

"அப்ப மச்சான்," என்றான், திரும்பாமலே, "ஆர்ர பேரக் குடுக்க?"

றினாஸ் குனிந்தான். கொன்ட்ரோலரை நிலத்தில் வைத்து மெல்லத் தள்ளினான். அது வயரை இழுத்துக்கொண்டு சீலைக்கு அடியால் வந்து, அவள் கால்விரலில் முட்டி நின்றது.

"இவன்ட கொம்பு மாட்ட ஒருக்காத் தள்ளிக் காட்டுகா. ஏலாட்டி தேத்தண்ணியத் தந்திட்டுப் போ," என்றான் சீலையைப் பார்த்து.

5.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் சீலையை விலக்கி வருகிறாள், காண்டாமிருகம் விழுகிறது, எல்லோரும் கை தட்… (அங்கே யார் தட்டுவார்? உம்மாவா?)

இன்னொன்றில் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். எழுத இலேசான முடிவு. மூன்றாவதில் சீலைக்குப் பின்னாலேயே இருந்து, ஒரு விரலால் அதை விலக்கிப் பிடித்தபடி வெல்கிறாள். பெயர் மட்டும் றினாஸுடையது. இதைத்தான் அதிகப் பக்கம் எழுதினேன். கிழித்ததும் இதைத்தான்.

விளிம்பில் ஒரு கணம் அடி படாது என்றேன். தொங்கிக்கொண்டே இருந்தால் படும் என்பதை அப்போது சொல்லவில்லை. அவளை நான் இவ்வளவு நேரம் தொங்கவிட்டிருக்கிறேன். தேநீர் ஆறிவிட்டது. பாங்கு முடிகிறது. அஸ்கி இன்னும் திரும்பவில்லை, அடிக்கவுமில்லை.

நாளைக்குக் கொடுக்கிற தாளில் பெயர் எழுத இரண்டு கோடுகள். ஒன்றில் அஸ்கி. மற்றது வெறுமை. இந்தக் கொப்பியின் அட்டையிலும் ஒரு பெயர்க்கோடு உண்டு. இதை எழுதும்வரை அதுவும் வெறுமை.

ஆனால் நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், கொப்பி என் கையைவிட்டுப் போயிருக்கிறது. அட்டையைத் திருப்பி அந்தக் கோட்டைப் பாருங்கள்.