ஒரு மதியச் சோற்றுக்கு இரண்டு சத்தியம்

ஃபரஸான் தீவின் படகுத்துறையில் உகைல் முதுகு வளையாமல் நின்றார். அவர் மகள் ரஹ்மாவைத் தன் மகனுக்குப் பெண் கேட்க ஜீஸானிலிருந்து ஜப்ரான் காலைக் கப்பலில் வருகிறார். மாலைக் கப்பலில் திரும்பிவிடுவார். விருந்தாளிதான் பெரியவரை நாடி வரவேண்டும். பெரியவர் ஓடிப்போய் நிற்பது குடும்பத்துக்கு அழகல்ல.

சித்தப்பா மகன் ஹமூதுக்கு அந்த அழகெல்லாம் கிடையாது. இறங்கும் பலகையிலேயே தாவி ஏறி ஜப்ரானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வல்லாஹி, இன்னிக்கு மதியச் சோறு என் வீட்லதான்!"

'வல்லாஹி' என்று இறைவன் மேல் வைக்கும் சத்தியத்தில் முந்தியவனுக்கே விருந்தாளி. அது தெரிந்தும் உகைலின் நாக்கு அடங்கவில்லை.

"வல்லாஹி, என் வீட்டைத் தவிர வேற எங்கயும் நீங்க கை நனைக்கக் கூடாது!"

இனி யாராவது ஒருவர் சத்தியம் தவறியாக வேண்டும்.

ஜப்ரான் சிரித்தார். "எனக்கு இருக்கிறது ஒரே வயிறு. மதியத்துக்குள்ள நீங்களே பேசி முடிங்க. இப்போ தீவைக் காட்டுங்க."

காட்டியது ஹமூத். வண்டி அவனுடையது. உகைலுக்குப் பின்னிருக்கை. வேலமரத்தடியில் மான்கூட்டத்தைக் கண்டதும் ஹமூத் வண்டியை நிறுத்தினான்.

"சத்தம் போடாதீங்க. அந்தக் கிழட்டு ஆண்மான் இருக்கே, எங்க அண்ணன் மாதிரி. ரோஷக்காரன்."

ஜப்ரான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உகைலும் பல்லைக் காட்டினார்.

துருக்கியர் கோட்டையைப் பார்த்துவிட்டுப் பாட்டனாரின் வீட்டுக்கு வந்தார்கள். முத்துக் குளித்த காலத்தில் கட்டிய வீடு. சுண்ணச்சுவரில் பூவேலை இன்னும் உதிரவில்லை. மூத்த வழிப் பேரன் உகைல். இங்கே பேசும் உரிமை அவருடையது. தொண்டையைச் செருமினார்.

"எங்க தாத்தா பம்பாய்க்கு முத்து கொண்டுபோனப்ப..." என்று ஹமூத் தொடங்கிவிட்டான். கப்பல், புயல், ஏமாற்ற வந்த தரகன் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான்.

ஜப்ரான் சொக்கிப்போய் அவன் தோளில் கைபோட்டார். "ஏம்பா ஹமூத், கட்டிக்குடுக்கிற வயசுல உனக்குப் பொண்ணு இருக்கா?"

உகைலைத் தேடி வந்த சம்பந்தமும் ஹமூத் வீட்டுக்குக் கைமாறிப் போய்விடும் போலிருந்தது.

ஹமூத் மெல்ல அந்தக் கையை எடுத்துவிட்டான். "இருக்கா. ஆனா நீங்க வந்தது ரஹ்மாவுக்கு. எங்க குடும்பத்துக்குப் பெரியவர் இவர். வாங்க, அண்ணன் வீட்ல சாப்பிடலாம்."

"அப்போ உன் சத்தியம்?"

"முறிச்சுக்கிறேன். பரிகாரத்துக்குப் பத்து ஏழைக்குச் சோறு போட்டாப் போச்சு. ஆடு அறுத்தாச்சு, வீணாப் போகாது."

உகைல் வண்டியின் பின்னிருக்கையில் ஏறினார். குடும்ப மானத்துக்காகச் சத்தியத்தை விட்டுக்கொடுப்பது மூத்தவன் செய்யவேண்டிய காரியம். அதிலும் இந்தப் பயல் முந்திக்கொண்டான்.

உகைல் வீட்டில் மீனும் சோறும் பரிமாறினார்கள். "ரஹ்மா இனி எங்க வீட்டுப் பொண்ணு" என்று ஜப்ரான் வாக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு, "இப்படி ஒரு தம்பி அமைய நீங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

பக்கத்திலிருந்த ஹமூத் வீட்டு முற்றத்திலிருந்து ஆட்டுக்கறி மணமும், பத்துப் பேர் வயிறு குலுங்கச் சிரிக்கும் சத்தமும் வந்தன. ஜப்ரான் தலையைத் திருப்பினார்.

"அங்க என்ன, இவ்வளவு கும்மாளம்?"

உகைல் இன்னொரு மீனை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்க, ஆறிடும்."