மேல்தரை, கீழ்த்தரை

'தானே' புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு, காடாம்புலியூர் முந்திரித் தோப்பிலிருந்த கோவிந்தசாமியின் மண்வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை. மழையில் சுவர்கள் கரைந்து இடுப்பளவு மேடாகிவிட்டன. குடும்பங்கள் மாற மாற மண்வீட்டின் தரையும் அடுப்பும் எப்படி மாறின என்று ஆராய, சிதம்பரத்திலிருந்து ஒரு குழு வந்து அந்த மேட்டைத் தோண்டத் தொடங்கியது. கோவிந்தசாமி இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. அவர் மனைவி சௌந்தரம், தான் பதினைந்து வருஷம் வாழ்ந்த வீட்டிலேயே மண் சுமக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்.

முதல் வாரம் அவள் காலத்துத் தரை வெளிப்பட்டது. வெடிப்பும் பள்ளமுமாக இருந்தது. ஆராய்ச்சி மாணவி இளமதி அதை அளந்து, படமெடுத்து, அப்புறம் சுரண்டி எடுக்கச் சொன்னாள். அந்த மண்ணைச் சௌந்தரமே கூடை கூடையாகச் சுமந்து தோப்போரம் கொட்டினாள்.

நாலு விரற்கடைக்குக் கீழே இன்னொரு தரை தெரிந்தது. கருகருவென்று, வழுவழுப்பாக. மூலையில் இரட்டை அடுப்பு, விளிம்புகூடச் சிதையாமல்.

இளமதி மண்டியிட்டு விரலால் தடவிப் பார்த்தாள். "எத்தனை பூச்சு பாருங்க! வாரம் தவறாம மெழுகியிருக்காங்க. மேல இருந்தவங்க இந்த அளவுக்குக் கவனிக்கல. இது யாரு இருந்தப்பம்மா?"

சௌந்தரத்துக்கு வயிறு எரிந்தது. யாரென்று அவளுக்குத் தெரியாதா? மங்கலம். கோவிந்தசாமியின் முதல் தாரம். எட்டு வருஷமாகியும் பிள்ளையில்லை என்று பஞ்சாயத்துப் பேசித் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். சௌந்தரம் அந்த வீட்டில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து குழம்பைத் தொட்டாலும் மங்கலம், கோலத்தைப் பார்த்தாலும் மங்கலம். மாமியார் சாகும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. இப்போது மண்ணைத் தோண்டினாலும் அவளா?

"நான் இருந்தப்பதான்," என்றாள் சௌந்தரம். "மேல இருந்தது வாடகைக்கு வந்தவங்க."

இளமதி அப்படியே எழுதிக்கொண்டாள்.

திருப்பாதிரிப்புலியூரில் பூக்கடை வைத்திருந்த மங்கலத்துக்கு எப்படியோ சேதி எட்டிவிட்டது. பத்து நாள் கழித்து பஸ் பிடித்து வந்து நின்றாள். தலை நரைத்திருந்ததே தவிர, முதுகு நிமிர்ந்துதான் இருந்தது.

"நீங்களும் இங்க இருந்தீங்களாமே?" என்று இளமதி அவளைக் குழிக்கருகே அழைத்துப் போனாள். "இந்தத் தரை இவுங்க மெழுகினதாம்."

மங்கலம் அடுப்பைப் பார்த்தாள். பிறகு சௌந்தரத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க, அவளோடதுதான். அவளுக்குக் கை சுத்தம்."

சௌந்தரம் கூடையைத் தொப்பென்று போட்டாள். "நீ ஒண்ணும் எனக்குப் பிச்சை போட வேணாம்! அது ஒன் தரை. அடுப்பும் ஒன்னுது. எழுதிக்க பாப்பா, மங்கலம்னு எழுதிக்க. நான்தான் பொய் சொன்னேன்."

இளமதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பழைய வரியை அடித்துவிட்டு எழுதினாள்.

"அப்ப மேல்தரை?"

"என்னுது."

"அதெ நான் பாக்கலியே," என்றாள் மங்கலம்.

பார்க்க எதுவுமில்லை. அது தோப்போரம் மண்குவியலாகிவிட்டிருந்தது. இளமதி டேப்லெட்டில் படத்தை எடுத்துக் காட்டினாள். மங்கலம் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"வாசப்படிகிட்ட என்ன, சின்னச் சின்னக் குழி?"

"பசங்க கோலி வெளையாடத் தோண்டினது."

மங்கலத்தின் விரல் அந்தக் குழிகளின் மேலேயே நின்றது. இத்தனை வருஷமாகத் தன் நெஞ்சை அரித்தது இப்போது அந்த முகத்தில் ஊர்வதைச் சௌந்தரம் கண்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் சந்தோஷம் குறையவில்லை.

"மூணு பேரும் வீட்டுக்குள்ளயேதான் கெடப்பானுங்க," என்றாள், யாரும் கேட்காமலே. "இன்னைக்கு மெழுகினா நாளைக்குத் தோண்டிடுவானுங்க. பெரியவன் இருக்கானே, அவன்தான் ரொம்ப ஜாஸ்தி..."

நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அவள் நிறுத்தவில்லை.