பெருமாளுக்கு ஆகாத பூ

வாத்தியார் தர்ப்பைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் ஸ்ரீநிவாசராகவன், மகள் சுப்ரஜா, மாப்பிள்ளை கிரீஷ், ராகவனின் தங்கை ரங்கநாயகி. கூடத்தில் தெற்கே தலை வைத்து, விடியற்காலையில் மூச்சு நின்றுபோன அவர் மனைவி திரிபுரசுந்தரி.

வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. கூடுவாஞ்சேரி நர்சரிக்காரன் தீனா ஒரு செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவன், கூடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

“ஐயோ, அம்மாவா சார்? நேத்துகூட போன்ல பேசினாங்களே! சார் அசோசியேஷன் மீட்டிங் போற நேரமா பாத்து எடுத்தாந்துடுன்னு…”

ரங்கநாயகி நிமிர்ந்தாள். “மன்னி உனக்குத் தெரியாமயா வாங்கினா? உன்னைக் கேக்காம இந்தாத்துல புல்லு முளைக்காதும்பியே அண்ணா!”

அந்தத் தோட்டத்துக்கு முப்பத்தெட்டு வருடமாக ராகவன் விதித்த சட்டம் ஒன்றுதான்: பூ பெருமாளுக்கு ஆக வேண்டும். நந்தியாவட்டை, பவளமல்லி, செண்பகம். தாம்பரத்தில் யார் வீட்டிலும் இல்லாததாக, சும்மா பார்ப்பதற்கு ஒரு செடி வேண்டும் என்று அவள் மூன்று முறை கேட்டாள். பங்குனிக்குப் பிறகு கேட்கவில்லை. விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தார்.

“நான்தான் வரச் சொன்னேன்,” என்றார்.

“என்ன செடிப்பா?” என்றாள் சுப்ரஜா.

அவருக்குத் தெரியவில்லை. தீனா அவர் முகத்தைப் பார்த்தான். “மிக்கி மவுஸ் செடிக்கா. செவப்பு இதழு, நடுவுல கறுப்பா காய். இந்தப் பக்கம் ஒருத்தர் வூட்லயும் கெடையாது.”

“இது பெருமாளுக்கு ஆகுமோ?” ரங்கநாயகி விடவில்லை.

கிரீஷ் செல்போனைப் பார்த்துக்கொண்டான்.

ராகவன் தீனாவைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தி, “எங்கே வைக்கச் சொன்னா?” என்றார்.

“சமையக்கட்டு ஜன்னலாண்ட சார். நாள் பூரா நின்னாலும் செவுருதான் தெரியுதுன்னாங்க.”

ஜன்னலுக்கு எதிரே நாலடியில் பாசி படிந்த காம்பவுண்டுச் சுவர். உள்ளே நின்று அவர் ஒருநாளும் வெளியே பார்த்ததில்லை.

“குழி வெட்டு.”

“இன்னிக்கேவா சார்?”

“இப்பவே. அவ கெளம்பறதுக்குள்ள.”

பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு வந்திருந்த எதிர்வீட்டு ஜோசலின் டீச்சர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னாள். “காலனி பூரா இதே பேச்சு சார். ஆன்ட்டிக்கு சர்ப்ரைஸா குடுக்க எங்கெங்கயோ தேடி வாங்கினீங்களாமே. குடுத்து வச்சவங்க.”

ராகவன் இலையிலிருந்து நிமிர்ந்தார். பக்கத்து இலையில் மாப்பிள்ளை. பாயசப் பாத்திரத்தோடு தங்கை.

“தப்பு. நான் வேண்டாம்னுட்டேன். அவளாத்தான் வாங்கினா.”