இருபது பவுண்டு காற்று

வலது தோள் இரண்டு வாரமாகக் கையைத் தூக்கவிடவில்லை. லாரிச் சக்கரத்தின் ரிங்கைச் சம்மட்டியால் அடித்துக் கழற்றியே இருபத்தாறு வருடம் போய்விட்டது. அன்று காலை இடது கையால் அடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். கோத்தகிரி மலையில், கட்டபெட்டு பஸ் நிறுத்தத்தைத் தாண்டி என் பஞ்சர் கடை. வீரையா லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

வீரையா இங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் மூட்டை இறக்குகிற டிரைவர். அவனுடைய அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே எஸ்டேட்டில் சேர்ந்தவர். அவருக்குக் கிடைத்த லயத்து வீட்டில்தான், எஸ்டேட் கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இவனும் மனைவி சுப்பம்மாவோடும், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் பிரியாவோடும் இருந்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் மலையில் கை விறைக்கிற குளிர். மத்தியானம் கீழே இறங்கினால் தார் உருகுகிற வெயில். வெயிலில் காற்று பொங்கி டயர் வெடித்துவிடும் என்று, இறங்குகிற லாரிக்கெல்லாம் முன் டயரில் காற்றை இருபது பவுண்டு குறைத்துவிடுவோம். எனக்குத் தொழில் சொல்லித்தந்தவரும் அப்படித்தான் செய்தார். டிரைவர்களும் கேட்டு வாங்கிப் போவார்கள்.

அன்று வீரையா வேண்டாம் என்றான். கேரட் விலை ஏறியிருந்ததால் முதலாளி கூடுதலாக மூட்டை ஏற்றச் சொல்லியிருந்தார்.

"அண்ணே, இன்னிக்குக் காத்தை எறக்காதீங்க. டயர்லயே போட்டிருக்காம். ஒரு டயரு மூணு டன்னுதான் தாங்கும், அதுவும் நூத்தி இருபது பவுண்டு இருந்தாத்தானாம். பிரியா வாசிச்சுச் சொன்னா."

பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் என் தொழிலைக் குறை சொன்ன மாதிரி இருந்தது.

"ஏப்பா, உம்புள்ள படிச்சு முடிச்சதும் எங்கடைக்கே வந்து காத்துப் புடிக்கட்டும். அதுவரைக்கும் நீ ஸ்டியரிங்கப் புடி, காத்த எங்கிட்ட உடு."

அவர்கள் சிரித்தார்கள். வீரையாவும் கழுத்தைச் சொறிந்துகொண்டு சிரித்தான். லயத்து ஆள், ஊர்க்காரர்களான எங்களிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. நான் குனிந்து வால்வை அழுத்தினேன். இரண்டு முன் டயரிலும் நூறு பவுண்டு வந்ததும் கையை எடுத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. போன வருடம் குன்னூரில் ஒரு டயர் கம்பெனிக்காரர் எங்களை அழைத்துக் கூட்டம் போட்டார். டயரில் இருக்கிற கணக்கு ஆறின டயருக்கு; சூட்டில் பொங்குவதையும் சேர்த்துத்தான் அந்த நம்பரைப் போடுகிறார்கள்; காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும்; டயர் மடங்கி மடங்கியே வெந்துபோகும் என்றார். நூறு பவுண்டில் எவ்வளவு தாங்கும் என்று அட்டையில் அச்சடித்தும் கொடுத்தார். மூன்று டன் இல்லை, அதைவிடக் கீழே. பிரியாணி தின்றுவிட்டு வந்தோம். அட்டையைக் கம்ப்ரசருக்குப் பின்னால் சொருகினேன்.

பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில், குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் இடது முன் டயர் வெடித்து, லாரி தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே போயிருந்தது. வீரையாவை எடுக்கும்போதே உயிர் இல்லை. ரோடெல்லாம் கேரட் கிடந்ததாம்.

குடித்திருப்பான் என்றார்கள். வேகம் என்றார்கள். முதலாளி, வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஓட்டினவன் சரியில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் சுப்பம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அன்னிக்கு இங்க நின்னுட்டுத்தானேண்ணே போனாரு. குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அப்ப எப்படி வெடிச்சுச்சு?"

பிரியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நம்பர் தெரியும். காற்றைக் குறைத்தது மட்டும் தெரியாது.

"டயரு பழசும்மா," என்றேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால் நானே மாட்டிய புது டயர் அது.

சுப்பம்மா மகளைப் பார்த்து, "பழசுன்னு தெரிஞ்சும் எடுத்துட்டுப் போயிருக்காரு பாரு, நம்மள நெனச்சுப் பாக்காம," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதோடு கிளம்பிவிட்டார்கள். பிரியா மட்டும் திரும்பி, கிழித்துப் போட்டிருந்த டயர்க் குவியலை ஒரு தடவை பார்த்தாள்.

இப்போது நான் யாருக்கும் காற்றை இறக்குவதில்லை. எவ்வளவு லோடு என்று கேட்டு, டயரில் போட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் பிடிக்கிறேன். டிரைவர்கள் கேலி பேசுகிறார்கள். சிலர் கோத்தகிரியில் போய் இறக்கிக்கொள்கிறார்கள். நான் திருந்தியது அந்த வீட்டுக்கு எதற்கும் ஆகாது. தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சுப்பம்மா தினமும் கடையைத் தாண்டித்தான் போகிறாள். செத்தவன்மேல் இன்னும் அவளுக்குக் கசப்புதான். வீரையா வேண்டாமென்று சொன்னான், அதையும் மீறிக் காற்றைக் குறைத்தது நான்தான் என்று அவளிடமும் பிரியாவிடமும் நான் சொல்ல வேண்டியது பாக்கி.