டெர்மினேட்டர்

எனக்கு மூக்குமேல் கோபம் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். கம்ப்யூட்டர் பிரிவுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டும்போதே கெஞ்சுகிற குரலைத் தயார் செய்துகொண்டுதான் வருவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அன்று மத்தியானம்வரை இருந்தது.

காலையில் கதிர்வீச்சு டாக்டர் நேராக என் மேஜைக்கு வந்தார். வார்டில் ஓர் அம்மாவுக்கு முதுகெலும்பில் மறுபடி கட்டி. பல வருஷங்களுக்கு முன்னால் அதே இடத்தில் கதிர்வீச்சு கொடுத்ததும் எங்கள் ஆஸ்பத்திரிதான். அப்போது தண்டுவடத்தில் எவ்வளவு பட்டது என்று தெரிந்தால்தான் மறுபடி கொடுக்கலாமா என்று முடிவு செய்ய முடியும். தெரியாமல் கொடுத்தால் இரண்டு காலும் விளங்காமல் போகலாம். கொடுக்காமல் விட்டாலும் கட்டி அமுக்கிக் கால் போகும். காகித ஃபைலைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. மிச்சம் இருப்பது அந்தக் காலக் கணக்குகளைப் பதிந்து வைத்த கம்ப்யூட்டர் டேப் மட்டும்தான். நோயாளியின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க, மேஜையில் கிடந்த துணிப் பொட்டலத்துக்கு அடியில் அதைச் செருகினேன்.

டேப்பைப் படிக்க இருந்த ஒரே வழி, மூலையில் கிடந்த பழைய வொர்க்ஸ்டேஷனும் தடித்த கேபிளில் அதோடு மாட்டிய டேப் டிரைவும். போன மாதம் கீழ்த்தளத்திலிருந்து இந்த அறைக்கு மாற்றியபின் யாரும் அதைத் தொடவில்லை. மாற்றியவன் என் கொழுந்தன், எங்கள் பிரிவு டெக்னீஷியன். ஆள் ஒல்லிக்குச்சி, கையில் எந்நேரமும் ஏதாவது கேபிள். அதனால் எல்லோருக்கும் அவன் ‘ஒயர்’.

முதலில் டிரைவையும் பிறகு மெஷினையும் ஆன் செய்தோம். டிரைவ் தெரிந்தது. டேப் சுற்ற ஆரம்பித்துப் பாதியில் நின்றது. அடுத்த முறை டிரைவே தெரியவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினோம், டிரைவின் எண்ணை மாற்றினோம், உள்ளே துடைக்கிற டேப்பைப் போட்டு ஓட்டினோம். ம்ஹூம். வெளியே பெஞ்சில் அந்த அம்மாவின் கணவர் உட்கார்ந்திருந்தார். தையல்காரர். கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார், சட்டையெல்லாம் நூல் துணுக்கு. திறந்த கதவு வழியாக எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவின் பின்பக்கம் குனிந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. பின்னால் இரண்டு வாய். ஒன்றில் கேபிள். மற்றதில் டெர்மினேட்டர் என்கிற குட்டைப் பிளக் இருக்க வேண்டும். வரிசை அதோடு முடிகிறது. அது இல்லாவிட்டால் சிக்னல் முட்டித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். அந்த வாய் காலியாக இருந்தது. எந்தக் கடையிலும் இப்போது கிடைக்காத பொருள்.

“டெர்மினேட்டர் எங்க?” என்றேன்.

ஒயர் எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணி, நான் பேக் பண்ணும்போது அது...”

“ஆபீஸ்ல என்ன அண்ணி நொண்ணி? மேடம்னு கூப்பிடு.”

அதோடு விட்டேனா? வீட்டில் அவன் சாவி தொலைத்ததிலிருந்து ஆரம்பித்து, அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்த என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்பதுவரை போனேன். பக்கத்து அறை நர்ஸுகள் வாசலில் வந்து நின்றார்கள். ஆள் சேரச் சேர என் குரலும் ஏறியது. கடைசியில், “அந்தம்மாவுக்குக் கால் போனா அதுக்கு நீதான் காரணம்” என்றேன். பெஞ்சில் இருந்தவர் அவனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்தபடி, கீழ்த்தளத்தில் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இருக்கிறபடியே இன்னொரு முறை முயற்சி செய்யலாம் என்று நோயாளி எண்ணுக்காகச் சீட்டை எடுக்கப் போனேன். பொட்டலத்தைத் தூக்கினேன். துணிக்குள் ஒரு கெட்டியான முனை விரலில் இடித்தது.

பிரித்தேன். உள்ளே டெர்மினேட்டர். மெஷினை மாற்றுவதற்கு முன்னால், இவன் கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவான் என்று நானே அதைக் கழற்றி, துடைக்கிற துணியில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுப் பத்திரமாக என் மேஜையில் வைத்தேன். பிறகு ஃபேன் காற்றுக்கு அது வசதியாகப் போயிற்று. ஒரு மாதமாக அதைத் தூக்கித் தூக்கி லீவு சீட்டுகளை வைத்திருக்கிறேன்.

மாட்டினேன். டேப் நிற்காமல் ஓடியது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் கணக்குகளைப் படித்துவிட்டு, இன்னும் இடம் இருக்கிறது, தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். தையல்காரர் அழுதேவிட்டார். பிளக் எங்கே இருந்தது என்று டாக்டர் கேட்டார்.

“கிடைச்சிடுச்சு” என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. நர்ஸுகள், மேடம்னா மேடம்தான் என்றார்கள். நான் மறுக்கவில்லை. தூ என்று என்னையே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் ஒயர் வந்தான். சட்டை முழுக்க ஒட்டடை, பழைய இரும்பைக் கிளறியதில் புறங்கையில் ரத்தம். உள்ளே என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. நேராகத் தையல்காரர் முன்னால் போய் நின்றான்.

“ஐயா, எங்க தேடியும் கிடைக்கலீங்க. நான்தான் தொலைச்சிட்டேன். என்னை மன்னிச்சிருங்க.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “அவன் தொலைக்கலைங்க” என்றேன். “நான்தான் கழட்டி என் மேஜையில வெச்சேன். வெச்சதையும் மறந்துட்டு அவனைத் திட்டினேன்.” திட்டும்போது இருந்த குரலில் பாதிகூட வரவில்லை. வாசல்வரை கேட்டிருக்காது. அதனால் இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். நர்ஸுகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

ஒயர் மூலைக்குப் போய் டிரைவின் பின்னால் கையை விட்டுப் பார்த்தான். பிளக் சரியாக உட்காராமல் லேசாகச் சாய்ந்திருந்தது போல. அழுத்திவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பையும் மாட்டினான்.

கையைக் கழுவி மருந்து போட்டுக்கொள், வா என்று கூப்பிட்டேன். மனசு கேட்கவில்லை. “தப்பு என்னோடதுப்பா. நீ அண்ணின்னே கூப்பிடு” என்றேன்.

“பரவாயில்லீங்க, மேடம்” என்றான்.